ஐஸ்காஸ்ட் (ஒலியோடை வழங்கி)

ஐஸ்காஸ்ட் என்பது இணையத்தின் வழியே ஒலியை இடைவிடாத ஓடையாக ஒரே நேரத்தில் பலருக்கு அனுப்பப் பயன்படும் கட்டற்ற வழங்கி மென்பொருள் ஆகும். சி நிரல்மொழியில் எழுதப்பட்ட இம்மென்பொருள் குனூ பொதுமக்கள் உரிமத்தின் 2 ஆம் பதிப்பின் கீழ் வெளியிடப்படுகிறது. ஓக் வோர்பிஸ் முதலிய திறந்த ஒலி வடிவங்களை உருவாக்கிய சைஃப்.ஆர்க் அறக்கட்டளையின் திட்டங்களுள் இதுவும் ஒன்று. இணைய வானொலிகள், கல்லூரி வானொலிகள், சமூக வானொலிகள், கூட்டங்களையும் கச்சேரிகளையும் நேரடியாக ஒலிபரப்புவோர் ஆகியோர் இதனைப் பெரிதும் பயன்படுத்துகின்றனர்.

பெரும்பாலான லினக்சு வழங்கல்களில் ஐஸ்காஸ்ட் ஆயத்தப் பொதியாகவே கிடைக்கிறது. இருப்பினும் மூலநிரலைப் பெற்றுத் தாமே தொகுத்து நிறுவும் வழக்கம் இம்மென்பொருளின் பயனர்களிடையே நெடுங்காலமாக உண்டு. அதற்கான காரணம் தொழில்நுட்பத்தைவிட உரிமச் சட்டத்தையே கூடுதலாகச் சார்ந்தது. தொகுக்கும் முறையுடன் அக்காரணமும் கீழே விளக்கப்படுகிறது.

வரலாறு

வின்ஆம்ப் ஒலியியக்கியை உருவாக்கிய நல்சாஃப்ட் நிறுவனம் சவுட்காஸ்ட் என்னும் ஒலியோடை வழங்கியை உருவாக்கியபோது, எவரும் தம் வீட்டுக் கணினியிலிருந்து வானொலி நடத்தலாம் என்ற நிலை ஏற்பட்டது. ஆனால் சவுட்காஸ்டின் மூலநிரல் மூடப்பட்டிருந்தது. எவரும் திருத்தவும் ஆராயவும் கூடிய மாற்று ஒன்று வேண்டும் என்ற நோக்குடன் ஜாக் மொஃபிட், பரத் ராகவன் ஆகிய இருவரும் 1998 டிசம்பருக்கும் 1999 சனவரிக்கும் இடையில் ஐஸ்காஸ்டை உருவாக்கினர்.

முதல் பதிப்பு எம்பி3 ஓடைகளை மையமாகக் கொண்டிருந்தது. எம்பி3 அக்காலத்தில் காப்புரிமைக்கு உட்பட்டிருந்தது. ஃபிரான்ஹோஃபர் நிறுவனத்தின் எம்பி3 உரிமத் திட்டம் 2017 ஏப்ரலில்தான் முடிவுக்கு வந்தது. காப்புரிமைத் தடையற்ற வோர்பிஸ் வடிவத்தையும் பிற வடிவங்களையும் கையாளும் வகையில் 2001 இல் ஐஸ்காஸ்டை அடியிலிருந்து மாற்றி எழுதும் பணி தொடங்கியது. அதன் விளைவான 2.0 பதிப்பு 2004 சனவரியில் வெளிவந்தது. 2014 மே மாதம் வெளியான 2.4.0 பதிப்பில் ஓபஸ், வெப்எம் ஆகிய வடிவங்களுக்கான ஆதரவு இடம்பெற்றது. 2018 நவம்பரில் 2.4.4 பதிப்பு ஒரு பாதுகாப்புக் குறையைக் களைய வெளியிடப்பட்டது. கார்ல் ஹேயஸ் பேணும் ஐஸ்காஸ்ட்-கேஎச் என்னும் கிளை மென்பொருளும் உள்ளது.

இயங்கும் முறை

ஐஸ்காஸ்ட் தானாக எந்த ஒலியையும் உருவாக்குவதில்லை. ஒரு வடிவத்திலிருந்து மற்றொரு வடிவத்திற்கு மாற்றுவதும் இல்லை. ஒலியைப் பிடித்துக் குறியாக்கி வழங்கிக்கு அனுப்புவது மூலச்செயலியின் பணி. ஐசஸ், டார்க்ஐஸ், லிக்விட்சோப், மிக்ஸ் போன்றவை அத்தகைய மூலச்செயலிகள். அவை அனுப்பும் தரவை வாங்கி, இணைந்துள்ள கேட்போர் ஒவ்வொருவருக்கும் படியெடுத்துத் தருவதே ஐஸ்காஸ்டின் வேலை. புதிதாக நிறுவுவோர் பலர் வழங்கியை இயக்கிவிட்டு ஒலி வரவில்லை எனத் திகைப்பது இந்த வேறுபாட்டை அறியாமையால்தான்.

ஒவ்வோர் ஓடைக்கும் ஏற்றப்புள்ளி எனப்படும் ஒரு பெயர் உண்டு. அது இணைய முகவரியின் இறுதியில் சாய்கோட்டுக்குப் பின் வரும் பகுதியாகும். ஒரே வழங்கியில் பல ஏற்றப்புள்ளிகள் இருக்கலாம். எடுத்துக்காட்டாக, ஒரே நிகழ்ச்சியை ஒன்றில் உயர்தரத்திலும் மற்றொன்றில் வேகம் குறைந்த இணைப்புகளுக்கு ஏற்ற தரத்திலும் அளிக்கலாம். ஓர் ஏற்றப்புள்ளியின் மூலச்செயலி அறுபட்டால் கேட்போரை வேறோர் ஏற்றப்புள்ளிக்கு நகர்த்துமாறும் அமைக்கலாம். நேரடி ஒலிபரப்பு நின்றால் பதிவுசெய்த இசை ஒலிக்கச் செய்ய இவ்வசதி உதவுகிறது. ஆனால் இரு ஏற்றப்புள்ளிகளின் ஒலி வடிவமும் ஒன்றாக இருத்தல் வேண்டும். இல்லையேல் கேட்போரின் இயக்கி நின்றுவிடக்கூடும்.

கேட்பவர் ஒருவர் புதிதாக இணையும்போது, அண்மையில் வந்த தரவில் ஏறத்தாழ 64 கிலோபைட்டை வழங்கி ஒரே மூச்சில் அனுப்புகிறது. நொடிக்கு 128 கிலோபிட் ஓடையில் இது சுமார் 4 நொடி ஒலிக்குச் சமம். கேட்பவரின் இயக்கி தன் இடைநினைவகம் நிரம்பக் காத்திராமல் உடனே ஒலிக்கத் தொடங்குவதற்காக இவ்வாறு செய்யப்படுகிறது. நேரடி ஒலிபரப்பு எப்போதும் சில நொடிகள் பின்தங்கிக் கேட்பதற்கு இதுவும் ஒரு காரணம். மாறாக, இணைப்பு மெதுவாக உள்ள கேட்பவருக்காக மாதிரி அமைவில் 512 கிலோபைட் வரை தரவு காத்து வைக்கப்படும். அதே ஓடையில் இது ஏறத்தாழ அரை நிமிட ஒலி. அதற்கும் மேல் பின்தங்குபவரை வழங்கி துண்டித்துவிடுகிறது.

வழங்கிக் கணினியின் செயலாக்கத் திறனைவிட இணைப்பின் பட்டையகலமே முதலில் தீர்ந்துபோகும். நொடிக்கு 128 கிலோபிட் ஓடையை ஒருவர் ஒரு மணி நேரம் கேட்டால் 57.6 மெகாபைட் செலவாகும். நூறு பேர் கேட்டால் நொடிக்கு 12.8 மெகாபிட் வெளிச்செல்லும் திறனும், மணிக்கு 5.76 கிகாபைட் அளவும் தேவை. வீட்டு இணைப்புகளில் வெளிச்செல்லும் வேகம் பெரும்பாலும் குறைவாகவே இருக்கும் என்பதால், இக்கணக்கை நிறுவுவதற்கு முன்னரே போட்டுப் பார்ப்பது நலம்.

மூலநிரலிலிருந்து நிறுவுவதன் தேவை

பாதுகாப்பான இணைப்புகளுக்கான டிஎல்எஸ் நெறிமுறையை ஐஸ்காஸ்ட் ஓப்பன்எஸ்எஸ்எல் என்னும் நிரலகத்தின் துணையுடன் கையாள்கிறது. ஓப்பன்எஸ்எஸ்எல் நிரலகத்தின் பழைய உரிமம், அதனைப் பயன்படுத்தும் பொருள்களின் விளம்பரங்களில் அதன் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்ற நிபந்தனையைக் கொண்டிருந்தது. குனூ பொதுமக்கள் உரிமமோ தான் விதிக்காத கூடுதல் நிபந்தனைகளை ஏற்பதில்லை. ஆகவே இவ்விரண்டையும் இணைத்துத் தொகுத்த இருமக் கோப்பைப் பிறருக்கு வழங்குவது உரிம மீறல் எனக் கருதப்பட்டது. இதனால் டெபியன் வழங்கலின் ஐஸ்காஸ்ட் பொதி நெடுங்காலம் டிஎல்எஸ் வசதி நீக்கப்பட்டே தொகுக்கப்பட்டது. 2021 இல் வெளியான ஓப்பன்எஸ்எஸ்எல் 3.0 அப்பாச்சி 2.0 உரிமத்திற்கு மாறியது. ஆயினும் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளையின் கருத்துப்படி அப்பாச்சி 2.0 உரிமம் பொதுமக்கள் உரிமத்தின் 3 ஆம் பதிப்போடு பொருந்துமேயன்றி 2 ஆம் பதிப்போடு பொருந்தாது.

பொதுமக்கள் உரிமத்தின் நிபந்தனைகள் மென்பொருளைப் பகிர்வோரை நோக்கியவை. தம் சொந்தக் கணினியில் தொகுத்துப் பயன்படுத்துவோரை அவை தடுப்பதில்லை. எனவே பொதி பேணுவோர் செய்யத் தயங்கிய ஒன்றைத் தனிப்பயனர் தடையின்றிச் செய்துகொள்ள முடிந்தது. பொதிகளைக் குறைகூறுவதற்கு இதில் ஏதும் இல்லை. உரிமத்தைக் கருத்துடன் படித்தவர்கள் எடுத்த முடிவே அது.

முன்னர் இது சிறிய குறையாகவே தோன்றியது. ஆனால் இணையத்தளங்கள் பெரும்பாலும் எச்டிடிபிஎஸ் நெறிமுறைக்கு மாறிய பின்னர் நிலைமை மாறியது. பாதுகாப்பான பக்கத்தில் பதிக்கப்பட்ட பாதுகாப்பற்ற ஒலி முகவரிகளை 2020 இல் குரோம் உலாவி தானாகவே பாதுகாப்பான முகவரியாக மாற்றி முயலவும், அது இயலாதபோது தடுத்துவிடவும் தொடங்கியது. டிஎல்எஸ் இல்லாத வானொலி நிலையம் தன் சொந்தத் தளத்திலேயே ஒலிக்காமற் போகும் நிலை இவ்வாறு உருவானது. என்ஜின்எக்ஸ் போன்ற இடைநிலை வழங்கியை முன்னே நிறுத்துவது மற்றொரு தீர்வு. அவ்வழியில் ஐஸ்காஸ்டின் பதிவேடுகளில் கேட்போரின் முகவரிகளுக்குப் பதிலாக இடைநிலை வழங்கியின் முகவரியே தோன்றும். கேட்போர் எண்ணிக்கையை முகவரி வாரியாக ஆராய விரும்புவோருக்கு இது இடையூறாகும்.

தேவையான நிரலகங்கள்

சி தொகுப்பி, மேக் கருவி ஆகியவற்றுடன் லிப்எக்ஸ்எம்எல்2, லிப்எக்ஸ்எஸ்எல்டி, லிப்ஓக், லிப்வோர்பிஸ் ஆகிய நிரலகங்கள் கட்டாயம் தேவை. அமைவுக் கோப்பு எக்ஸ்எம்எல் வடிவில் இருப்பதால் முதலாவது நிரலகம் வேண்டப்படுகிறது. இரண்டாவது நிரலகத்தின் தேவை வெளிப்படையாகத் தெரிவதன்று. ஐஸ்காஸ்ட் தன் நிலைத்தகவல்கள் அனைத்தையும் எக்ஸ்எம்எல் ஆவணமாகவே உள்ளுக்குள் உருவாக்கி, பாணித்தாள்களின் உதவியால் அதனை உலாவியில் காணும் பக்கமாக மாற்றுகிறது. அப்பாணித்தாள்களைத் திருத்துவதன் மூலம், நிரலைத் தொடாமலே நிலைப்பக்கத்தைத் தமிழில் தோன்றச் செய்ய இயலும்.

விருப்பத்திற்குரியவை லிப்கர்ல், ஓப்பன்எஸ்எஸ்எல், தியோரா, ஸ்பீக்ஸ் ஆகியன. பொது நிலையப் பட்டியல்களில் தன் ஓடையைப் பதியவும், கேட்போரின் அனுமதியை வேறொரு இணைய முகவரியிடம் கேட்டு உறுதிசெய்யவும் லிப்கர்ல் பயன்படுகிறது.

நிரலகம் கணினியில் இருந்தால் மட்டும் போதாது. அதன் தலைப்புக் கோப்புகளும் இருக்க வேண்டும். டெபியன், உபுண்டு ஆகியவற்றில் இவை பெயரின் இறுதியில் 'டெவ்' என்ற சொல் சேர்ந்த தனிப் பொதிகளாகவும், ஃபெடோரா குடும்பத்தில் 'டெவல்' என்ற சொல் சேர்ந்த பொதிகளாகவும் தரப்படுகின்றன. எக்ஸ்எஸ்எல்டி அமைவைக் காணவில்லை என்று தொகுப்பு ஆயத்தம் நின்றுபோவதற்குப் பெரும்பாலும் இப்பொதி இல்லாமையே காரணம்.

தொகுத்தலும் நிறுவலும்

வெளியீட்டுக் கோப்பு டார் வடிவில் சுருக்கப்பட்டுச் சைஃப்.ஆர்க் தளத்தில் கிடைக்கிறது. கிட் களஞ்சியத்திலிருந்து நேரடியாகப் பெறுவோர் துணைக் களஞ்சியங்களையும் சேர்த்தே பெற வேண்டும். அத்துடன் தொகுப்பு ஆயத்த நிரலை உருவாக்கும் 'ஆட்டோஜென்' நிரலை முதலில் இயக்க வேண்டும். நிலையான ஒலிபரப்புக்கு வெளியீட்டுக் கோப்பே ஏற்றது.

கோப்பை விரித்தபின் மூன்று படிகள் உள்ளன. முதலாவதாக 'கன்ஃபிகர்' என்னும் நிரல் கணினியை ஆராய்ந்து எந்தெந்த நிரலகங்கள் உள்ளன எனக் கண்டறிகிறது. அடுத்து 'மேக்' கட்டளை மூலநிரலைத் தொகுக்கிறது. இறுதியாக முதன்மைப் பயனரின் உரிமையுடன் இயக்கப்படும் 'மேக் இன்ஸ்டால்' கட்டளை கோப்புகளை உரிய அடைவுகளில் வைக்கிறது. தற்காலக் கணினிகளில் இவையாவும் சில நிமிடங்களில் முடிந்துவிடும்.

மூன்று படிகளில் கவனமாகப் பார்க்க வேண்டியது முதலாவதையே. கட்டாய நிரலகம் ஒன்று இல்லாவிடில் 'கன்ஃபிகர்' பிழை கூறி நின்றுவிடும். ஆகவே அதனால் தீங்கில்லை. விருப்ப நிரலகம் இல்லாவிடிலோ, அவ்வசதி நீக்கப்பட்டது என்ற ஒற்றை வரியை அச்சிட்டுவிட்டு மேற்செல்லும். நூற்றுக்கணக்கான வரிகளுக்கு நடுவே அவ்வரி எளிதில் கண்ணில் படாது. தொகுத்தல் வெற்றிகரமாக முடியும், வழங்கியும் இயங்கும், டிஎல்எஸ் மட்டும் இராது. டிஎல்எஸ் வேண்டும் என்பதற்காகவே மூலநிரலை நாடியவர், தலைப்புக் கோப்புப் பொதி ஒன்றை மறந்ததால், தான் தவிர்க்க விரும்பிய அதே குறையுள்ள மென்பொருளைத் தன் கையாலேயே தொகுத்துவிடுவார். எனவே 'கன்ஃபிகர்' நிரலின் வெளியீட்டை ஒரு கோப்பில் சேமித்து, எஸ்எஸ்எல் தொடர்பான வரிகளைத் தேடிப் பார்த்த பின்னரே அடுத்த படிக்குச் செல்ல வேண்டும்.

வேறு இடம் குறிப்பிடப்படாவிடில் கோப்புகள் '/யூஎஸ்ஆர்/லோக்கல்' அடைவின் கீழ் நிறுவப்படும். 'ப்ரிஃபிக்ஸ்' என்ற தெரிவின் மூலம் தனி அடைவு ஒன்றைக் குறிப்பிட்டால், பின்னாளில் நீக்குவதும் புதிய பதிப்பைப் பழையதன் அருகிலேயே வைத்துச் சோதிப்பதும் எளிதாகும். இவ்வாறு நிறுவப்படும் இயங்குநிரலின் பெயர் 'ஐஸ்காஸ்ட்'. டெபியன் பொதியின் நிரலுக்கோ 'ஐஸ்காஸ்ட்2' என்று பெயர். இரண்டும் ஒரே கணினியில் இருக்க முடியும் என்பதால், எது இயங்குகிறது என்ற குழப்பம் ஏற்படுவதுண்டு.

அமைவுக் கோப்பு

நிறுவலின்போது 'ஐஸ்காஸ்ட்.எக்ஸ்எம்எல்' என்னும் மாதிரி அமைவுக் கோப்பும் உடன் வைக்கப்படுகிறது. அதில் கேட்கும் துறை எண் 8000 எனவும், ஒரே நேர இணைப்புகளின் உச்ச அளவு 100 எனவும், மூலச்செயலிகளின் உச்ச அளவு 2 எனவும் இருக்கும். மூலச்செயலி, அஞ்சல் வழங்கி, நிருவாகி ஆகிய மூவருக்குமான கடவுச்சொல் 'ஹேக்மீ' என்பதாகும். 'என்னை உடைத்து நுழை' என்று பொருள்படும் இச்சொல், மாற்றாமல் விடுவோரை எச்சரிக்கவே தேர்ந்தெடுக்கப்பட்டதாகத் தோன்றுகிறது. மூலச்செயலிக்குரிய கடவுச்சொல்லை அறிந்த எவரும் அந்நிலையத்தின் பெயரில் தம் விருப்பம்போல் ஒலிபரப்பலாம். ஆகவே அதனை மாற்றுவது முதற்கடமை.

கடவுச்சொற்கள் கோப்பில் மறைக்கப்படாமல் எளிய உரையாகவே எழுதப்படுவதால், வழங்கியை இயக்கும் பயனரைத் தவிரப் பிறர் அக்கோப்பைப் படிக்க இயலாதவாறு உரிமைகளை அமைக்க வேண்டும். புரவலர் பெயர் என்ற இடத்தில் உள்ள 'லோக்கல்ஹோஸ்ட்' என்பதையும் உண்மையான இணையப் பெயராக மாற்ற வேண்டும். இல்லையேல் நிலைப்பக்கத்தில் காட்டப்படும் கேட்கும் முகவரி, கேட்பவரின் சொந்தக் கணினியையே சுட்டும்.

ஐஸ்காஸ்ட் முதன்மைப் பயனராக இயங்க மறுக்கும். இணையத்திற்கு நேரடியாகத் திறந்திருக்கும் நிரல் முழு உரிமையுடன் இயங்குவது பேராபத்து என்பதால் இத்தடை வேண்டுமென்றே வைக்கப்பட்டுள்ளது. தனிப் பயனர் ஒருவரை உருவாக்கி அவர் பெயரில் இயக்குவதே முறை. 1024 க்குக் கீழ்ப்பட்ட துறை எண்கள் தேவைப்பட்டால், முதன்மைப் பயனராகத் தொடங்கித் துறையைத் திறந்த உடனே வேறு பயனராக மாறுமாறு 'சேஞ்ச்ஓனர்' என்ற பகுதியில் குறிப்பிடலாம்.

டிஎல்எஸ் இயக்குவதற்குச் சான்றிதழும் தனிச்சாவியும் ஒரே கோப்பில் அடுத்தடுத்து இருக்க வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் போன்ற சான்றளிப்போர் இவற்றைத் தனித்தனிக் கோப்புகளாகவே தருவதால், சான்றிதழ் புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இரண்டையும் மீண்டும் ஒன்றிணைக்க வேண்டும். அக்கோப்பின் இடத்தை அமைவில் குறித்து, உரிய துறையின் பகுதியில் எஸ்எஸ்எல் மதிப்பை 1 என இட வேண்டும். தொடங்கியதும் சான்றிதழ் கண்டறியப்பட்டது என்ற வரி பிழைப்பதிவேட்டில் காணப்பட்டால் எல்லாம் சரி. எஸ்எஸ்எல் திறன் இல்லை என்ற வரி காணப்பட்டால், முதற்படியாகிய 'கன்ஃபிகர்' நிரலுக்கே திரும்ப வேண்டியிருக்கும்.

பரவலாக நேரும் பிழைகள்

புதிதாகத் தொகுத்த ஐஸ்காஸ்ட் முதல் முறை இயங்காமற் போவதற்கு மிகவும் பரவலான காரணம் பதிவேட்டு அடைவு இல்லாமையே. பிழைப்பதிவேட்டைத் திறக்க இயலவில்லை என்று கூறி நிரல் நின்றுவிடும். அடைவை உருவாக்கி, அதன் உடைமையை வழங்கியை இயக்கும் பயனருக்கு மாற்றினால் இது தீரும்.

8000 ஆம் துறையைத் திறக்க இயலவில்லை என்ற பிழை, வேறொரு நிரல் அத்துறையை ஏற்கெனவே பிடித்துள்ளதைக் குறிக்கும். பல வேளைகளில் அந்த வேறொரு நிரல் முன்பு நிறுவி மறந்துபோன பொதி வடிவ ஐஸ்காஸ்டாகவே இருப்பதுண்டு. நிரலகங்களையும் கையால் தொகுத்தவர்கள், பகிர்நிரலகம் கிடைக்கவில்லை என்ற பிழையைச் சந்தித்தால் 'எல்டிகன்ஃபிக்' கட்டளையை ஒரு முறை இயக்க வேண்டும்.

கேட்போர் எண்ணிக்கை ஆயிரத்தை நெருங்கும்போது புதியவர்கள் இணைய முடியாமற் போனால், இயங்குதளத்தின் கோப்பு வரம்பை நோக்க வேண்டும். ஒவ்வொரு கேட்பவரும் ஒரு கோப்புச் சுட்டியைப் பயன்படுத்துகின்றார். லினக்சில் ஒரு செயல்முறைக்கான வழக்கமான வரம்பு 1024 ஆகும். அமைவுக் கோப்பில் இணைப்பு உச்ச அளவை உயர்த்துவதால் மட்டும் பயனில்லை.

பாதுகாப்பும் இற்றைப்படுத்தலும்

2018 இல் செம்லி நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர் ஒருவர் ஐஸ்காஸ்டில் இடைநினைவக வழிவு ஒன்றைக் கண்டறிந்தார். கேட்போரின் அனுமதியை வெளி முகவரியிடம் கேட்கும் பகுதியில் இக்குறை இருந்தது. கேட்பவர் அனுப்பும் தலைப்புத் தகவல்களைக் குறித்த அளவுள்ள இடத்தில் ஒன்றன்பின் ஒன்றாக எழுதிச் சேர்க்க, சி மொழியின் 'எஸ்என்பிரின்ட்எஃப்' செயல்கூறு பயன்படுத்தப்பட்டிருந்தது. அச்செயல்கூறு உண்மையில் எழுதிய எழுத்துகளின் எண்ணிக்கையை அன்றி, இடம் இருந்திருந்தால் எத்தனை எழுதியிருக்கும் என்பதையே திருப்பித் தருகிறது. அந்த எண்ணை நம்பி அடுத்த தகவலுக்கான இடத்தைக் கணக்கிட்டதால், நீண்ட தலைப்புகளை அனுப்பும் ஒருவர் இடைநினைவகத்திற்கு அப்பால் எழுதச் செய்ய முடிந்தது. வழங்கியை நிலைகுலைக்கவோ, அதில் தம் நிரலை இயக்கவோ இது வழிவிட்டது. 2.4.0 முதல் 2.4.3 வரையான பதிப்புகளில், அவ்வனுமதி முறையை இயக்கியிருந்த வழங்கிகள் இதனால் பாதிக்கப்பட்டன. 2018 நவம்பரில் வெளியான 2.4.4 பதிப்பில் இது களையப்பட்டது.

பொதியாக நிறுவியிருந்தவர்களுக்குத் தம் வழங்கலின் வழக்கமான இற்றைப்படுத்தலிலேயே இத்திருத்தம் வந்து சேர்ந்தது. மூலநிரலிலிருந்து தொகுத்திருந்தவர்களுக்கோ யாரும் எதனையும் அனுப்பவில்லை. '/யூஎஸ்ஆர்/லோக்கல்' அடைவில் உள்ளவற்றை எந்தப் பொதி மேலாளரும் தொடுவதில்லை. அவர்கள் செய்தியைத் தாமே அறிந்து, புதிய பதிப்பைப் பெற்று, மீண்டும் தொகுக்க வேண்டியிருந்தது. ஓப்பன்எஸ்எஸ்எல் பகிர்நிரலகமாக இணைக்கப்பட்டிருந்தால் அதன் திருத்தங்கள் மட்டும் இயங்குதளத்தின் வழியே வந்து சேரும்; அதுவும் வழங்கியை நிறுத்தி மீண்டும் இயக்கிய பின்னரே நடப்புக்கு வரும்.

தொகுத்தபோது பயன்படுத்திய 'கன்ஃபிகர்' தெரிவுகளை ஒரு கோப்பில் குறித்து வைப்பதும், மூலநிரல் அடைவை அழிக்காமல் காப்பதும் இதன்பொருட்டே பரிந்துரைக்கப்படுகின்றன. ஓரிரு ஆண்டுகள் கழித்து, ஒலிபரப்பு நடந்துகொண்டிருக்கும் கணினியில், அதே வசதிகளுடன் மறுபடியும் தொகுக்க வேண்டி வரும்போது அக்குறிப்பே உதவும். இயங்கிக்கொண்டிருக்கும் நிரலின் பதிப்பு எண்ணை நிருவாகப் பக்கத்திலும், கட்டளைவரியில் 'ஐஸ்காஸ்ட்' என்ற பெயருடன் சிறிய 'வி' தெரிவைச் சேர்த்தும் காணலாம்.